ஆபோர் நதியும் கேபார் நதியும் ஒன்றா? இஸ்ரவேலரைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். வேதாகமத்தின் 2 இராஜாக்கள் புத்தகத்தில் வரும் ஆபோரும், எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனம் கண்ட கேபார் நதியும் ஒரே ஆறுதானா? எசேக்கியேல் புத்தகத்தில் வரும் தெலாபீப் என்ற ஊர் இன்றைக்கு எந்த நாட்டில் இருக்கிறது? சிறைப்பட்டுப் போனவர்களைப் பாபிலோன் நகரத்துக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்களா? இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘சிறையிருப்பு’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற அந்தச் சம்பவம், நிலத்தின் மேல் எங்கே நடந்தது என்பதுதான் அது.

பழைய ஏற்பாட்டுக் கால வரலாற்றையும் நிலவியலையும் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவர் இதே கேள்வியைக் கேட்பார். அசீரியரும் பாபிலோனியரும் எழுதிய அக்காதிய மொழி எனக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுக்குத்தான் வரும். களிமண் பலகைகளை வாசித்துப் பதிப்பித்தவர்களின் உழைப்பை நம்பித்தான் பேசுகிறேன். அதனால் எது உறுதி, எது ஊகம் என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரடி பதில். ஆபோர் வேறு, கேபார் வேறு. ஆபோர் இன்றைய வடகிழக்கு சிரியாவில் ஓடும் காபூர் ஆறு. கேபார் தெற்கு ஈராக்கில், நிப்பூர் என்ற பழைய நகரத்தை ஒட்டிய பகுதியில் இருந்த ஒரு கால்வாய். இரண்டுக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் நெருங்கி ஒலிப்பதால் குழப்பம் வருவது இயல்பு. எபிரெயத்தில் முதல் எழுத்தே வேறு. சங்கீதம் 119-இன் பகுதித் தலைப்புகளில் எபிரெய எழுத்துகளின் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆபோர் தொடங்குவது ‘கேத்’ எழுத்தில், கேபார் தொடங்குவது ‘கப்’ எழுத்தில். பழைய விளக்கவுரைகள் சில இரண்டையும் ஒன்றாக்கி, எசேக்கியேலைச் சிரியாவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டன. அந்தக் கருத்தை இன்று இத்துறையில் யாரும் ஏற்பதில்லை.

இரண்டு ஆறுகள் இருப்பதற்குக் காரணம், இரண்டு சிறையிருப்புகள் நடந்தன என்பதுதான். வட நாடான இஸ்ரவேலை அசீரியர் கொண்டுபோனார்கள். அதற்கு நூற்று இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, தெற்கே இருந்த யூதாவைப் பாபிலோனியர் கொண்டுபோனார்கள். பேரரசு வேறு, காலம் வேறு, குடியேற்றிய நிலமும் வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வடக்கிலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 733-732இல் அசீரிய அரசன் மூன்றாம் திக்லாத்பிலேசர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பிடித்து அங்கிருந்த மக்களைப் பெயர்த்துக்கொண்டு போனான். பத்து ஆண்டுகளில் சமாரியாவும் விழுந்தது. அதைப் பிடித்தது ஐந்தாம் சல்மனாசாரா, அவனுக்குப் பின் வந்த இரண்டாம் சர்கோனா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. 2 இராஜாக்கள் சல்மனாசாரின் பெயரைச் சொல்கிறது, பாபிலோனிய ஆண்டுக் குறிப்பும் அவன் சமாரியாவை அழித்ததாகச் சொல்கிறது. சர்கோனோ தன் அரண்மனைக் கல்வெட்டில், நான் பிடித்தேன், 27,290 பேரைக் கொண்டுவந்தேன் என்கிறான். நிம்ரூதில் கிடைத்த களிமண் பட்டகத்தில் அதே எண் 27,280 என்று இருக்கிறது. முற்றுகை சல்மனாசார் காலத்தில் நடந்தது, பெரிய அளவிலான குடிபெயர்ப்பு கி.மு. 720 முதல் சர்கோன் காலத்தில் நடந்தது என்று எடுத்துக்கொண்டால் எல்லாச் சான்றுகளும் ஓரளவு பொருந்துகின்றன. நான் அப்படித்தான் வகுப்பில் சொல்கிறேன்.

இவர்களை எங்கே வைத்தார்கள் என்பதை 2 இராஜாக்கள் 17:6 சொல்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கோசான் நதி ஓரமான ஆலாகிலும் ஆபோரிலும் மேதியரின் பட்டணங்களிலும்’ என்று வரும். இதைப் படிக்கிறவர் கோசான் என்பது நதி என்றும், ஆலாக்கும் ஆபோரும் அதன் கரையில் இருந்த ஊர்கள் என்றும்தான் புரிந்துகொள்வார். எபிரெய மூலத்தை இன்றைய புவியியல் அறிவோடு படித்தால் ‘ஆலாகிலும், கோசானின் நதியாகிய ஆபோரிலும்’ என்று வரும். அதாவது ஆபோர்தான் நதி, கோசான் அதன் பக்கத்து ஊர், ஆலாக் வேறொரு மாவட்டம். ஒரு வரியின் வாசிப்பை மாற்றினாலே வரைபடம் மாறிவிடுகிறது.

கோசானைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. அசீரிய ஆவணங்களில் குசானா என்று வருகிற நகரம் அது. இன்றைய பெயர் தெல் ஹலாஃப். சிரியா-துருக்கி எல்லையில் ராஸ் அல்-ஐன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்மானியரான மாக்ஸ் ஃபொன் ஓப்பன்ஹைம் 1899இல் அதைக் கண்டு, 1911 முதல் அகழ்ந்தார். ராஸ் அல்-ஐன் ஊற்றுகளில் தண்ணீர் பெருகி, தெற்கே ஓடி, தேர் எஸ்-சோர் பக்கம் யூப்ரடிஸில் சேர்கிறது காபூர். மழையும் ஆறும் சேர்ந்து வாழவைத்த தானிய பூமி அது. குசானா வட்டாரத்தைப் பற்றிய அசீரியக் கடிதங்களில் ‘யாவு’ என்று முடியும் ஆட்பெயர்கள் வருகின்றன. நம் எலியா, எரேமியா, நெகேமியா போன்ற பெயர்களின் கடைசியில் இருக்கும் அதே தெய்வப் பெயர்தான். கூட்டமாகக் கொண்டுபோனவர்களில் சிலர் அங்கே ஓரிரு தலைமுறைக்குப் பிறகும் தங்கள் பெயரைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆலாக் என்பது அசீரியரின் ஹலஹ்ஹு மாவட்டம். நினிவேக்கு, அதாவது இன்றைய மோசுலுக்கு, வடகிழக்கே இருந்தது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். ஏன் அங்கே என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. சர்கோன் கி.மு. 717 வாக்கில் தூர் சர்ருக்கின் என்ற புதிய தலைநகரை வெறும் நிலத்தில் கட்டத் தொடங்கினான். இன்றைய கோர்சாபாத். அது கிட்டத்தட்ட இதே பகுதி. கட்டுவதற்கும் கை வேண்டும், கட்டுகிறவர்களுக்குச் சோறு போட உழுகிறவர்களும் வேண்டும். சமாரியாவிலிருந்து பிடித்த ஆட்கள் அப்போது அவன் கையில் இருந்தார்கள். சமாரியர் அத்தனை பேரும் அந்த வேலைக்குத்தான் போனார்கள் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் காலமும் இடமும் இப்படிச் சேர்ந்து விழுவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் மண்வெட்டி பிடிக்கவும் இல்லை. சமாரியாவின் தேர்ப்படைக்கு அப்போது நல்ல பெயர். சர்கோன் அதில் ஒரு பிரிவைத் தன் படையில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்கிறான். காலாகு நகரில், அதாவது இன்றைய நிம்ரூதில், கிடைத்த குதிரைப்படைப் பட்டியல்களில் சமாரியரின் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் 13 அதிகாரிகளின் பெயர்கள். வேதாகமம் இந்த ஊரைச் சிறையிருப்போடு சேர்த்துச் சொல்லவே இல்லை. ஆனால் ஆவணம் தெளிவாக இருக்கிறது.

மேதியரின் பட்டணங்கள் இன்றைய மேற்கு ஈரானில், சாக்ரோஸ் மலைத்தொடரில் இருந்தவை. சர்கோன் கி.மு. 716இல் ஹர்ஹர் என்ற நகரைப் பிடித்து, அதற்குக் கார் சர்ருக்கின் என்று தன் பெயரையே வைத்து, வேறு நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். அதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஆட்களை அனுப்பும் நிலையில் அசீரியா இல்லை. ஆகவே அங்கே போனவர்கள் சமாரியா விழுந்து சில ஆண்டு கழித்துத்தான் போயிருக்க வேண்டும். ஹர்ஹர் எந்த மேடு என்று இன்றுவரை முடிவாகவில்லை. 1 நாளாகமம் 5:26 இந்தப் பட்டியலில் ஆரா என்று இன்னொரு பெயரையும் சேர்க்கிறது. அப்படி ஓர் ஊர் வேறு எங்கும் பதிவாகவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு 2 இராஜாக்களில் ‘மேதியரின் பட்டணங்கள்’ என்ற இடத்தில் ‘மேதியரின் மலைகள்’ என்று படிக்கிறது. எபிரெயத்தில் மலைக்கு ‘ஹர்’ என்று பெயர். ஆரா என்பது இந்தச் சொல்லிலிருந்து முளைத்த ஊர்ப்பெயராக இருக்கலாம் என்று சிலர் சொல்வது எனக்கும் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனாலும் அது ஊகம்தான்.

காபூரிலிருந்து மோசுல் வழியாக சாக்ரோஸ் வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். 600 கிலோமீட்டருக்கும் மேல் வரும். சில பத்தாயிரம் பேரை அவ்வளவு நீளத்துக்குத் தூவிவிட்டால் என்ன ஆகும்? மூன்று நான்கு தலைமுறையில் பக்கத்து ஊர்க்காரரோடு பெண் கொடுத்து எடுத்துக் கலந்துவிடுவார்கள். ‘காணாமல் போன பத்துக் கோத்திரங்கள்’ என்று பேசப்படுவதில் பெரும் பகுதி இதுதான். இன்னொரு பகுதி, போகவே போகாமல் சமாரியா மலைநாட்டில் தங்கிவிட்டவர்கள். 27,290 என்பது ஒரு நாட்டின் முழு மக்கள் தொகை அல்லவே. பின்னாளில், தல்மூத் என்ற யூத நூல் உருவான காலத்து அறிஞர்கள் ஆலாக்கை மேற்கு ஈரானின் ஹுல்வானிலும், ஆபோரை வடக்கு ஈராக்கின் அதியாபெனேயிலும், மேதியரின் பட்டணங்களை ஈரானின் ஹமதானிலும் அடையாளம் காட்டினார்கள். முந்தைய இடங்களின் நினைவு அவர்கள் காலத்துக்குள் கிழக்கே நகர்ந்துவிட்டிருந்தது. அந்தக் கோத்திரங்களைப் பிற்காலத்தில் ஆப்கானிஸ்தான் வரை தேடிப்போனவர்கள் உண்டு. அதற்கெல்லாம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு ஆவணம் எதுவும் துணைக்கு வரவில்லை.

சரி, இப்போது யூதா. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்த நாளை நாம் துல்லியமாகச் சொல்ல முடியும். பாபிலோனிய ஆண்டுக் குறிப்பு அவனுடைய 7ஆம் ஆண்டு, ஆதார் மாதம் 2ஆம் தேதி என்கிறது. நம் கணக்கில் கி.மு. 597, மார்ச் 16. அரசன் யோயாக்கீனோடு அரண்மனையாரும் படைவீரரும் கைவினைஞரும் போனார்கள். பத்து ஆண்டு கழித்து ஆலயம் எரிக்கப்பட்டபோது இன்னொரு கூட்டம் போனது. அது கி.மு. 587ஆ 586ஆ என்பது ஆண்டு எண்ணும் முறையைப் பொறுத்த பழைய தகராறு. கி.மு. 582இல் மூன்றாவது கூட்டம். எரேமியா 52 இந்த மூன்றுக்கும் 3,023, 832, 745 என்று கணக்குக் கொடுத்து, மொத்தம் 4,600 என்கிறது. 2 இராஜாக்கள் 24 முதல் கூட்டத்துக்கே பதினாயிரம் என்கிறது. எரேமியாவில் இருப்பது ஆண்களின் தொகை மட்டும் என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்த வசனத்தில் அப்படி இல்லை. என்னளவில், முழு நூறு, முழு ஆயிரம் என்று ஆக்காமல் கடைசி ஆள்வரை எண்ணிச் சொல்லும் எரேமியாவின் எண்கள் ஏதோ ஒரு பதிவேட்டிலிருந்து எடுத்தவை போலத் தோன்றுகின்றன.

அவர்கள் போன பாதையையும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் எருசலேமுக்கு நேர் கிழக்கே பாபிலோன், நேர்கோட்டில் 870 கிலோமீட்டர் அளவு. ஆனால் நடுவில் பாலைவனம். கைக்குழந்தையோடு போகும் கூட்டம் அதைத் தாண்ட முடியாது. அதனால் வடக்கே சிரியா வழியாக ஏறி, யூப்ரடிஸைப் பிடித்து, ஆற்றோடு கீழே இறங்க வேண்டும். யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியாவின் கண்களைப் பிடுங்கிய இடமான ரிப்லா இந்த வழியில்தான், ஓரொந்தஸ் ஆற்றுப் பக்கம், ஆமாத் நாட்டில் இருந்தது. பின்னாளில் வேதபாரகனான எஸ்றா எதிர்த்திசையில் பாபிலோனிலிருந்து எருசலேம் வர முதல் மாதம் முதல் தேதி தொடங்கி ஐந்தாம் மாதம் முதல் தேதி ஆயிற்று. நான்கு மாதம். அதுவும் அரசனின் அனுமதியோடு, விருப்பப்பட்டு வந்த பயணம். காவலோடு துரத்தப்பட்டவர்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

நகரத்துக்குள்ளேயே வைத்திருந்தார்களா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு: சிலரை மட்டும், ஆம். ராபர்ட் கோல்டவே 1899 முதல் 1917 வரை பாபிலோனை அகழ்ந்தபோது தெற்கு அரண்மனையில் வளைவுக் கூரை கொண்ட ஒரு கட்டடத்தில் களிமண் பலகைகள் கிடைத்தன. 1939இல் எர்ன்ஸ்ட் வைட்னர் அவற்றில் சிலவற்றை வெளியிட்டார். எண்ணெய்ப் படி அளந்து கொடுத்த கணக்கு அது. அதில் ‘யூதா நாட்டு அரசன் யாவுகீனு’ என்று யோயாக்கீனின் பெயரே இருக்கிறது. அவனுடைய ஐந்து மகன்களுக்குமாகச் சேர்த்து இரண்டரை சிலா. ஒரு சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒரு பலகையின் காலம் கி.மு. 592. அஸ்கலோன், தீரு, எகிப்து என்று பல நாட்டவரும் அதே பட்டியலில் வரிசையாகப் படி வாங்குகிறார்கள். அரச குடும்பமும் கைத்தொழில் வல்லவர்களும் தலைநகரில் கண்பார்வையில் வைக்கப்பட்டார்கள் என்பது உறுதி. வேதாகமத்தையும் மண்ணுக்கடியில் கிடைத்த ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, இவ்வளவு நேரடியாகப் பொருந்தும் இடங்கள் குறைவு. முதன்முதலில் இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் பெரும்பாலோர் போனது நாட்டுப்புறத்துக்கு. பாபிலோனுக்குத் தென்கிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் நிப்பூர் இருக்கிறது. இன்றைய பெயர் நுஃபர், ஈராக்கின் திவானியா பக்கம், அஃபக் ஊருக்கு அருகே. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியரும் பாபிலோனியரும் மாறி மாறிப் போரிட்டதில் இந்த வட்டாரம் நொந்துபோயிருந்தது. வாய்க்காலைத் தூர்வார ஆளில்லாவிட்டால் அந்த மண்ணில் இரண்டே விஷயம்தான் நடக்கும். ஒன்று மணல் மூடும், இல்லாவிட்டால் உப்புப் பூக்கும். நேபுகாத்நேச்சாருக்கு இந்த நிலம் மறுபடி விளைய வேண்டியிருந்தது. அதற்குத்தான் மேற்கே பிடித்த மக்களைக் கொண்டுவந்து, ஊர் ஊராகப் பிரித்து இறக்கினான்.

இதை ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. எசேக்கியேல் 3:15இல் வரும் தெலாபீப், எஸ்றா 2:59இல் வரும் தெல்மெலாகு, தெல்அர்சா. மூன்றிலும் ‘தெல்’ இருக்கிறது. பழைய ஊர் அழிந்து மண்மேடாகக் கிடந்தால் அதற்குத் தெல் என்று பெயர். தெல்மெலாகு என்றால் உப்பு மேடு. தெலாபீப் என்பதன் பின்னால் ‘தில் அபூபி’ என்ற அக்காதியத் தொடர் இருப்பதாகக் கருதப்படுகிறது. பிரளயம் அடித்துப்போட்ட மேடு என்று பொருள். பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக் கல்லில் கடைசியில் வரும் சாபத்திலேயே, சட்டத்தை மதிக்காதவனின் நாடு இப்படியொரு பிரளய மேடாகட்டும் என்று வருகிறது. எபிரெயம் பேசியவர்கள் அதைத் தங்கள் காதுக்கு ஏற்ப ‘அபீப்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். அபீப் என்றால் பச்சைக் கதிர், அந்தக் கதிர் வரும் வசந்த காலம். இன்றைய இஸ்ரேலின் டெல் அவீவ் நகரம் இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் எசேக்கியேலின் தெலாபீப் வேறு, அது ஈராக்கில் இருந்தது. எந்த மேடு என்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நிப்பூர் சுற்றுவட்டாரம் என்பதுவரை நிச்சயமாகச் சொல்லலாம். அதற்கு மேல் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

அந்த அளவுக்காவது நிச்சயம் வந்தது கேபாரால். தெலாபீப் கேபார் நதிப் பக்கம் இருந்ததாக எசேக்கியேல் சொல்கிறார். 1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் நிப்பூரில் ஒரே அறையில் எழுநூறுக்கு மேற்பட்ட பலகைகள் கிடைத்தன. முராஷு என்ற குடும்பத்தின் தொழில் கணக்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பது, உள்குத்தகைக்கு விடுவது, வரிப் பணம் கடன் கொடுப்பது, இதுதான் அவர்கள் தொழில். அந்தப் பலகைகளில் ‘நார் கபாரி’ என்ற கால்வாய் பெயர் சொல்லி வருகிறது. நார் என்றால் ஆறு, கால்வாய் இரண்டுக்கும் பொது. கபாரு என்றால் பெரியது, பருத்தது. எசேக்கியேலின் கேபார் இதுதான் என்பதில் இன்று ஏறக்குறைய எல்லாரும் உடன்படுகிறார்கள். நிப்பூரின் நடுவே வறண்டு கிடக்கும் ஷத் அந்-நீல் என்ற பழைய தடம்தான் கேபார் என்று முன்பு பல புத்தகங்கள் எழுதின. அது உறுதியானதல்ல. கால்வாயின் பெயரும் வட்டாரமும் தெரியும், எந்தத் தடம் என்பது தெரியாது என்பதே சரியான நிலை.

இதற்கெல்லாம் மேலே, கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த ஒரு ஆவணத் தொகுதி என் பாடத்தையே மாற்றி எழுத வைத்தது. 1999இல் மூன்று பலகைகள் வெளியாயின. 2014இல் லாரி பியர்ஸும் கொர்னேலியா வுன்ஷும் நூற்றுக்கு மேல் பதிப்பித்தார்கள். அவற்றில் ‘ஆல் யாகூது’ என்ற ஊர் வருகிறது. யூதாவின் ஊர் என்று பொருள். பாபிலோனிய ஆண்டுக் குறிப்பு எருசலேமைக் குறிக்கவும் இதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது. ஊரை விட்டு வந்தவர்கள் புது இடத்துக்குப் பழைய ஊரின் பெயரோடே பதிவாகியிருக்கிறார்கள். பலகைகளில் முந்தியது கி.மு. 572, அதாவது ஆலயம் எரிந்து பதினைந்தே ஆண்டு. பிந்தியது கி.மு. 477. அகீக்காம், அவன் தந்தை ராபா யாமா என்று ஒரே குடும்பத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க முடிகிறது. யாமா என்பது யாவுவேதான். அக்காலப் பாபிலோனியர் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் ம-வை வ போல ஒலித்தார்கள். அதனால் வ-வை எழுத ம-வைப் போட்டார்கள். வாற்கோதுமைக் கடன், பேரீச்சைக் குத்தகை, மாடு வாங்கியது, வரி கட்டியது என்று அன்றாட வாழ்க்கை முழுக்க அதில் இருக்கிறது. ஒரு பலகையில், களிமண்ணில் அழுத்தி எழுதும் பாபிலோனிய ஆப்பெழுத்துக்குப் பக்கத்தில், ஷெலெமியா என்ற பெயரை யாரோ பழைய எபிரெய எழுத்திலேயே கீறி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பலகைகளைப் பற்றி ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இவை முறையான அகழாய்வில் எடுக்கப்பட்டவை அல்ல. தோண்டித் திருடி விற்கப்பட்டு, தனியார் சேகரிப்புகளுக்குப் போனவை. எந்த மேட்டில், எந்த வீட்டில் இருந்தன என்ற தகவல் போயே போயிற்று. அந்த ஒரு தகவல் இருந்திருந்தால் ஆல் யாகூதுவை இன்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருப்போம். பலகைகளில் வரும் கால்வாய்ப் பெயர்களையும் அண்டை ஊர்ப் பெயர்களையும் வைத்து நிப்பூருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் தேடுகிறார்கள். இடம் முடிவாகவில்லை. எழுத்து உண்மையானதுதான், போலி இல்லை என்பதில் படித்தவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது ‘சிறை’ என்ற சொல்லுக்கு வருவோம். எபிரெயத்தில் இதற்கு வழங்கும் ‘கோலா’ என்ற சொல் இடம்பெயர்க்கப்பட்டவர்களைக் குறிப்பது. பூட்டிய அறை அதில் இல்லை. ஆல் யாகூது மக்கள் ‘வில் நிலம்’ என்ற முறையில் அரசு நிலத்தைப் பெற்று உழுதார்கள். நிலத்துக்குப் பதிலாக வரியும், படைக்கு ஆளும் கொடுக்க வேண்டும். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எரேமியா 29இல் அனுப்பும் கடிதம் இந்த நிலத்தில் வைத்துப் படித்தால்தான் முழுதாகப் புரியும். அதற்காக அவர்கள் சுகமாக இருந்தார்கள் என்று சொல்லிவிடவும் கூடாது. உப்பேறிய மேட்டைத் திருத்தி விளையவைத்து, விளைந்ததில் அரசுக்குப் பங்கு அளந்து, கேட்டபோது ஆளும் அனுப்பிய வாழ்க்கை அது. கடன் பத்திரங்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தாலே தெரியும்.

அப்புறம், இப்படி ஓர் இனத்தாரை ஒரே ஊரில் சேர்த்து வைத்தது யூதாவுக்கு மட்டும் நடந்ததல்ல. அதே வட்டாரத்தில் தீரு, காசா, அஸ்கலோன் பெயர்களில் எல்லாம் குடியிருப்புகள் இருந்தன. அசீரியர் தூவிவிட்டார்கள், பாபிலோனியர் கூட்டமாக நட்டார்கள். வட கோத்திரங்கள் மறைந்ததற்கும் யூதர் யூதராகவே நிலைத்ததற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இந்த நில ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கி.மு. 539இல் பெர்சிய அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, ஊர் திரும்பலாம் என்று விட்ட பிறகும் ஏராளமானோர் போகவில்லை. நூறு ஆண்டு கழித்தும் முராஷு கணக்குகளில் அவர்கள் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாபிலோனுக்கு வடக்கே சிப்பாரில் யூத வணிகக் குடும்பம் ஒன்று இருந்ததற்கும் பலகைச் சான்று உண்டு.

சிறைப்பட்டுப் போனவர்கள் இருந்த இடங்களாக எஸ்றா 8இல் வரும் அகாவா ஆறும் கசிப்பியாவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எஸ்றா 2:59இல் தெல்மெலாகோடு சேர்ந்து வரும் கேருப், ஆதோன், இம்மேர் ஆகியவையும் அப்படியே.

சங்கீதம் 137ஐயும் இங்கே தொட்டுவிடுகிறேன். ‘பாபிலோன் ஆறுகள்’ என்று பன்மையில் வருகிறதே, பாபிலோனில் ஓடியது யூப்ரடிஸ் ஒன்றுதானே என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டார். அருமையான கேள்வி. அங்கே சொல்லப்படுவது கால்வாய்கள். அவர்கள் கின்னரங்களைத் தொங்கவிட்ட மரத்தை நம் தமிழ் வேதாகமம் அலரிச்செடி என்கிறது. நம் ஊர் அரளியை நினைத்துக்கொண்டால் கின்னரம் தொங்குவது சிரமம்தான். தாவரவியலாளர் பலர் அதை யூப்ரடிஸ் பாப்லர் என்ற மரமாகக் கருதுகிறார்கள். ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் இன்றும் வளரும், உயரமாகப் போகும் மரம்.

இன்றைய வரைபடத்தில் தேடப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். யூப்ரடிஸ் இடம் மாறிவிட்டது. அன்றைய முக்கியத் தடங்கள் இன்றைய ஆற்றுக்குக் கிழக்கே, நிப்பூரை ஒட்டி ஓடின. இப்போது நிப்பூரைச் சுற்றிப் பெரும்பாலும் வறண்ட நிலம். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மண்ணின் நிறத்தில் பழைய வாய்க்கால் தடங்கள் கோடு கோடாகத் தெரியும். எசேக்கியேலின் கல்லறை என்று காட்டப்படும் அல்-கிஃப்ல், ஹில்லாவுக்கும் நஜஃபுக்கும் நடுவே, நிப்பூருக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் துதேலாவின் பெஞ்சமின் என்ற யூதப் பயணி அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். யூதரும் முஸ்லிம்களும் நூற்றாண்டுகளாக வணங்கிய இடம், மரியாதைக்குரியது. ஆனால் அவர் வாழ்ந்த ஊருக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் பாபிலோன் எளிது. பாக்தாதிலிருந்து தெற்கே 85 கிலோமீட்டர் அளவு, ஹில்லா நகருக்குப் பக்கத்தில். 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நிப்பூரில் பெரிய மேடும் இடிந்த சிகுராத்தும் (படிப்படியாக உயரும் கோயில் கோபுரம்) இருக்கின்றன, வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். தெல் ஹலாஃப் எல்லைப் பகுதி, அங்கே போவதை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். யோயாக்கீனின் பெயர் உள்ள பலகைகள் பெர்லினில் இருக்கின்றன. முராஷு பலகைகள் இஸ்தான்புலுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்குமாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேபார் கால்வாயின் பெயரை ஆப்பெழுத்தில் பார்க்க விரும்பினால் நிப்பூருக்குப் போவதைவிட அங்கே தேடுவதுதான் நேர்வழி.